மூன்றாவது துளி

ஆலையின் மருத்துவ அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஆறு மாதத்துக்கொரு முறை
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.
முன்னங்கையில் மூன்று துளி வைப்பேன்.
ஒவ்வொன்றின் ஊடாகவும் ஊசியால் லேசாக ஒரு குத்து.
பிறகு கால் மணி நேரம்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மழையைப் பற்றிப் பேசுவோம்,
ருஸ்டன்பர்க்குக்கு வருவதாகச் சொல்லி வராத மழை.

முதல் துளி வெறும் உப்புநீர். சும்மா இருக்கும்.
இரண்டாவது கொசுக்கடி போலத் தடிக்க வேண்டும்,
தடிக்காவிட்டால் தோல் பொய் சொல்கிறது.
மூன்றாவதில் இருப்பது
அவர்களே உள்ளே செய்கிற மஞ்சள்.

மொடியெகி மஞ்சள் அறையில் எட்டு வருடம்.
அவள் தம்பி ராப்புலா பூமிக்கடியில் முட்டி போட்டுத் துளைக்கும் கல்
மேலே வந்து மாவாகி
நுரையின் முதுகில் ஏறி மிதந்து
உலையில் இறங்கிக் கசடைக் கழற்றிப் போட்டு
நிக்கலையும் தாமிரத்தையும் வழியிலேயே விட்டுவிட்டு
கடைசியில் அவளிடம் வரும்போது
ஒரு வாளி கறுப்புச் சேறு.
டன்னுக்கு நாலு கிராம்.
பத்துப் பன்னிரண்டு அரிசிமணி.

குளோரினும் அமிலமும் சேர்ந்து அதைக் கரைக்கும்.
தங்கம் முதலில் கழன்றுகொள்ளும், அவசரக்காரன்.
பல்லேடியம் பின்னால்.
ரோடியம் ரோஜா நிறத்தில் உட்கார்ந்தே இருக்கும்,
பந்தி முடிந்தும் எழாத விருந்தாளி.
நடுவில் அவள் நவச்சாரக் கரைசலை ஊற்றுவாள்.
பிளாட்டினம் மஞ்சளாய்ப் படியும்.
சுட்டால் சாம்பல் நிறப் பஞ்சு.

ஒருமுறை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினாள்.
"ஞாயிற்றுக்கிழமை கஸ்டர்ட் மாதிரி இல்லை?"

இன்று மூன்றும் தட்டை.
உப்புநீர் தட்டை, சரி.
மூன்றாவது தட்டை, நல்லது.
இரண்டாவதும் தட்டை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
"எத்தனை மாத்திரை?"
"ஒன்றுதான். நேற்று. தும்மலுக்கு."
"எத்தனை நாளாய்த் தும்மல்?"
மழை வரலாம் என்றாள்.

ராத்திரி மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ எண்ணெய் போடாத கதவைத் திறந்து மூடுகிறார்களாம்.
அதையும் சொன்னாள், சட்டையைக் கீழே இழுத்துவிட்டபடி.
மஞ்சள் அறைக்குத் தனிப்படி உண்டு.
அந்தப் படியில்தான் மகள் ஒனாலென்னா
மாஹிகெங்கில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

'செல்லாது. ஒரு வாரம் கழித்து, மாத்திரை இல்லாமல்'
என்று எழுதினேன்.
எழுதாமல் விடலாமா என்று பேனாவைப் பிடித்திருந்த அரை நிமிடத்தை
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

துரு தொடாத உலோகம்.
அமிலம் தனியாக வந்தால் ஏறிட்டும் பார்க்காது.
உப்பாகிவிட்டால் மட்டும்
ஒரு மூச்சை மோப்பம் பிடித்து வைத்துக்கொள்கிறது.
எல்லோரையும் அல்ல. ஏன் இவளை என்று எனக்குத் தெரியாது.
படித்தவர்களைக் கேட்டேன், அவர்களும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

புதன்கிழமை வந்தாள்.
இரண்டாவது தடித்தது. மூன்றாவதும்.
அளவுகோலை வைத்தேன்: நாலு மில்லிமீட்டர்.
பேனாவால் சுற்றி வட்டம் போட்டேன், அப்படித்தான் விதி.
"இனி உள்ளே போகவே முடியாதா?"
"செருப்பை எடுக்கக்கூட."

வாசலில் வழக்கமான சோதனை.
குளியல், மாற்றுடை,
நகக்கண், காது மடல், பின்னலின் ஒவ்வொரு இழை.
ஆலையின் சொத்து ஒரு தூசும் வெளியே போகக்கூடாது.
கருவி கத்தவில்லை.
ஒன்றுமில்லை, போகலாம் என்றார்கள்.

இப்போது சுரங்க வாசலின் எடைமேடையில் இருக்கிறாள்.
லாரி எண், மொத்த எடை, காலி எடை.
ஒனாலென்னா இந்த வருடம் வீட்டில்.
ஒரு மாதம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் என் காரை மறித்து நின்றாள்.
"உன்னை எடை போடட்டுமா?"
நான் வாயைத் திறக்கவில்லை.
பின்னால் கல் லாரி ஹார்ன் அடித்தது.
அவள் சிரித்தாள்,
இருமல் குறுக்கிடாமல்,
சிரிப்பின் கடைசி வரை.
பிறகு கம்பத்தைத் தூக்கினாள்.